பழைய பீரோவும் புது சோஃபாவும்: வீட்டு அலங்காரக் கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே ரகம். ஊரிலிருந்து வந்த சாமானையும் கடையில் வாங்கிய சாமானையும் ஒரே ஹாலில் எப்படி வைப்பது என்பதுதான். சரி, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கேள்வி (குரோம்பேட்டை): வணக்கம் மேடம். எங்கள் ஃபிளாட் ஹாலில் சாம்பல் நிற சோஃபா, வெள்ளை டிவி யூனிட் போட்டுவிட்டோம். இப்போது பாட்டி வீட்டுத் தேக்கு பீரோவும் ஒரு பெஞ்சும் வருகின்றன. பொருந்துமா?

பதில்: தாராளமாக. செட்டிநாட்டு வீடுகளையே எடுத்துக்கொள்ளுங்கள். பர்மா தேக்குத் தூண், இத்தாலி மார்பிள், பெல்ஜியம் கண்ணாடி, ஜப்பான் பூ ஓடு, பக்கத்து ஊர் ஆத்தங்குடித் தரை எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே இருக்கும். வியாபாரத்துக்குக் கடல் கடந்து போனவர்கள் பார்த்துப் பிடித்ததையெல்லாம் கொண்டுவந்து சேர்த்தார்கள். இன்று நாம் பாரம்பரியம் என்று கொண்டாடுவதே அந்தக் கலவையைத்தான். அவ்வளவு இருந்தும் கண்ணை உறுத்தாததற்குக் காரணம், தேக்கின் நிறம் தூண், நிலை, கதவு, உத்தரம் என்று திரும்பத் திரும்ப வருவது.

உங்கள் ஹாலிலும் அதைச் செய்யுங்கள். பீரோ மட்டும் தனியாகப் பழுப்பாக நின்றால், கல்யாண மண்டபம் மாறி வந்த விருந்தாளி மாதிரி இருக்கும். பெஞ்சை சோஃபாவுக்கு எதிரே போடுங்கள், ஒரு சுவர்ப் படத்துக்குத் தேக்குச் சட்டம் மாட்டுங்கள். டிவி யூனிட்டின் ஸ்டீல் கைப்பிடிகளைக் கழற்றிவிட்டுப் பித்தளை போடலாம், செலவு குறைவு, பலன் அதிகம். ஒரே ஒரு வேண்டுகோள்: சோஃபாவுக்கு மேட்ச் ஆகட்டும் என்று பீரோவுக்கு வெள்ளை பெயிண்ட் அடித்துவிடாதீர்கள். அப்புறம், லிஃப்டில் நுழையுமா என்று இப்போதே அளந்து பாருங்கள். பழைய பீரோக்கள் பலவற்றில் மேல் வேலைப்பாட்டைத் தனியாகக் கழற்ற வரும்.

கேள்வி (கோவை): கணவருக்கு எல்லாமே வெள்ளை, சாம்பல்தான் பிடிக்கும். எனக்குக் கலர் வேண்டும். தினமும் சண்டை!

பதில்: மாற்றச் செலவாகும் பொருட்களை அவருக்கு விட்டுக்கொடுங்கள்: சுவர், தரை, சோஃபா. சுலபமாக மாற்றக்கூடியதெல்லாம் உங்களுடையது. பவானி ஜமக்காளத்தின் பட்டைக் கோடு வெள்ளைத் தரையில்தான் எடுப்பாகத் தெரியும். மெத்தையுறைக்கு மதுரைச் சுங்குடி, பெட்ரூமுக்குப் பத்தமடைப் பாய். ஒரு அறையில் மூன்று நிறத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டால் அவரும் வாயைத் திறக்க மாட்டார்.

கேள்வி (திருச்சி): ஏற்கெனவே விட்ரிஃபைட் டைல்ஸ் போட்ட ஹாலில், அதன் மேலேயே ஆத்தங்குடி டைல்ஸ் பதிக்கலாமா மேடம்?

பதில்: ஹால் முழுக்க வேண்டாம். ஆத்தங்குடி ஓடு ஏறக்குறைய முக்கால் அங்குலக் கனம். அடியில் போடும் கலவையும் சேர்ந்தால் தரை நன்றாக உயர்ந்துவிடும். எல்லாக் கதவின் அடியையும் அறுக்க வேண்டி வரும், ஃபிளாட் என்றால் எடையையும் யோசிக்க வேண்டும். வாசலை ஒட்டிய இடத்திலோ பூஜை மூலையிலோ மட்டும் பழைய டைல்ஸைப் பெயர்த்துவிட்டு, ஒரு கம்பளம் அகலத்துக்குப் பதியுங்கள். சுற்றிலும் இருக்கும் வெற்றுத் தரையால் அதற்கு அழகு கூடும்.

வாங்கும் முன் அதன் குணம் தெரிய வேண்டும். கண்ணாடித் தட்டின் மேல் அச்சை வைத்து, வண்ணச் சிமென்ட் கலவையைக் கையால் ஊற்றி, மேலே மணலும் சிமென்ட்டும் போட்டு, பிறகு தண்ணீரில் ஊறவைத்துச் செய்கிறார்கள். சூளையில் சுடுவதே இல்லை. வழவழப்பு அந்தக் கண்ணாடி தந்தது, மேலே காப்புப் பூச்சு எதுவும் இல்லை, வெறும் சிமென்ட்தான். அதனால் ஆசிட், எலுமிச்சை, டாய்லெட் கிளீனர் பட்டால் நிறம் போய்விடும். மஞ்சளும் எண்ணெயும் சிந்தும் அடுப்படிக்கு நான் சொல்ல மாட்டேன். மற்ற இடத்தில் தினமும் துடைத்து, நடக்க நடக்கத்தான் பளபளப்பு ஏறும். வரிசைக்கு வரிசை சிறு நிற வேறுபாடு இருந்தால் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள், கைவேலை அப்படித்தான்.

கேள்வி (வேளச்சேரி): மாடர்ன் ஆர்ட் படத்துக்குப் பக்கத்தில் தஞ்சாவூர் ஓவியம் மாட்டலாமா?

பதில்: ஒரே சுவரில் வேண்டாம், தங்க ரேக்குக்கு முன்னால் மற்றது எடுபடாது. எதிரெதிர்ச் சுவரில் மாட்டுங்கள். பாத்ரூமை ஒட்டிய ஈரச் சுவர் கூடவே கூடாது, ஓவியத்தின் அடியில் இருப்பது மரப்பலகையும் துணியும். விளக்கு 2700 முதல் 3000 கெல்வின் வரையிலான மஞ்சள் ஒளியாக இருக்கட்டும். 6500 கெல்வின் வெள்ளை எல்இடி-யில் தங்கமும் சோபிக்காது, தேக்கும் சோபிக்காது.

கேள்வி (சேலம்): ஃபால்ஸ் சீலிங் போட்ட ஹாலில் ஊஞ்சல் மாட்ட முடியுமா?

பதில்: ஃபால்ஸ் சீலிங்கின் ஜிப்சம் பலகை ஆளைத் தாங்காது. கொக்கி கான்கிரீட் தளத்தில் இறங்க வேண்டும். இன்ஜினியரிடம் காட்டிவிட்டு, சீலிங்கில் ஓட்டை போட்டுச் சங்கிலியைக் கீழே இறக்குங்கள். ஊஞ்சல் முன்னும் பின்னும் போய்வர இடம் விட்ட பிறகுதான் சோஃபாவின் அளவைத் தீர்மானிக்க வேண்டும்.

கேள்வி (தாம்பரம்): காரைக்குடித் தூண் மாதிரி ஃபைபரில் இரண்டு வாங்கி ஹால் நடுவில் நிறுத்தலாம் என்று ஆசை. உங்கள் கருத்து?

பதில்: வேண்டாம். மேலே எதையும் தாங்காத தூண் துணிக்கடை வாசலுக்குச் சரி. அந்தப் பணத்துக்குப் பழைய மர ஜன்னல் ஒன்று கிடைத்தால் வாங்கி, கண்ணாடி பதித்து வாசல் பக்கம் மாட்டுங்கள்.