கோடுகள் முழுதாக இருந்தும் இணையம் திணறுகிறதா? பூஸ்டர் வாங்குவதற்கு முன்

கேள்வி: ஆஸ்டினில் வசிக்கும் நாங்கள் பழைய ஆர்.வி. (உள்ளேயே தங்கும் வசதி கொண்ட பயண வண்டி) ஒன்றை வாங்கி, வார இறுதிகளில் பிள்ளைகளுடன் முகாம்களுக்குச் செல்கிறோம். வெள்ளிக்கிழமைகளில் அங்கிருந்தே அலுவலக வேலை பார்க்க வேண்டும். போனில் சிக்னல் கோடுகள் முழுதாகத் தெரிந்தாலும், மாலையானால் வீடியோ அழைப்பு அறுந்துபோகிறது. 500 டாலர் பூஸ்டர் பொருத்தினால் சரியாகிவிடும் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். கோடுகள் முழுதாக இருந்தும் மாலையில் மட்டும் திணறுகிறது என்றால், முகாமுக்கு வந்திருக்கும் அத்தனை குடும்பங்களும் ஒரே டவரை மொய்க்கின்றன என்றே கொள்ள வேண்டும். பூஸ்டர் அலையைப் பெருக்குமே தவிர, டவரின் கொள்ளளவைக் கூட்டாது. இன்றைய போன்கள் பல ஆன்டெனாக்கள் வழியே ஒரே நேரத்தில் தரவை வாங்குகின்றன. சாதாரண பூஸ்டர் அதை ஒற்றை வழியாகச் சுருக்கிவிடுவதால், கோடு கூடி வேகம் குறைவதும் உண்டு. இதைக் கடையில் யாரும் சொல்வதில்லை.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஐபோனில் *3001#12345#* என்று அழைத்தாலும், ஆண்ட்ராய்டில் சிம் நிலைப் பக்கத்தைத் திறந்தாலும், சிக்னலின் அளவு மைனஸ் எண்ணாகத் தெரியும். மைனஸ் 90-ஐ ஒட்டி இருந்தால் நல்லது. மைனஸ் 115 என்றால் மிகவும் பலவீனம். விடியற்காலையிலும் இரவு எட்டு மணிக்கும் அந்த எண்ணையும் இணைய வேகத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். எண் மாறாமல் வேகம் மட்டும் விழுந்தால், அது நெரிசல்தான்.

அதற்கு மருந்து, வேறொரு நிறுவனத்தின் இணைப்பு. வெரைசன், ஏடி&டி, டி-மொபைல் ஆகிய மூன்றில் உங்களிடம் இல்லாத ஒன்றை, அட்டை மாற்றாமல் போனிலேயே சேர்க்கும் இ-சிம்மில் சோதித்துப் பாருங்கள். விசிபிள் என்பது வெரைசனின் டவர், கிரிக்கெட் என்பது ஏடி&டியின் டவர், மெட்ரோ என்பது டி-மொபைலின் டவர்; பெயர் மாறுவதால் டவர் மாறிவிடாது. நெரிசல் நேரத்தில் மலிவுத் திட்டங்களே பெரும்பாலும் முதலில் பின்னுக்குத் தள்ளப்படும் என்பதையும் மறக்க வேண்டாம்.

'வரம்பற்ற ஆர்.வி. சிம்' என்று இணையத்தில் விற்கும் இடைத்தரகர்களிடம் மட்டும் போய்விடாதீர்கள். இவற்றில் பல, வேறு பயன்பாட்டுக்கான கணக்குகளில் வாங்கி உதிரியாக விற்கப்படுபவை. நிறுவனம் கண்டுபிடித்த அன்றே இணைப்பு போய்விடும், பணமும் திரும்பாது. நேரடித் திட்டங்களில்கூட 'வரம்பற்ற' என்ற சொல் ஹாட்ஸ்பாட்டுக்குப் பெரும்பாலும் முழுதாகப் பொருந்துவதில்லை. அந்த வரம்பைப் பொடி எழுத்தில் ஒளித்து வைப்பதை இத்தனை ஆண்டுகளாக அனுமதித்திருப்பது வெட்கக்கேடு.

பூஸ்டர் உதவும் இடம் ஒன்று உண்டு. ஏர்ஸ்ட்ரீம் போல அலுமினிய உடல் கொண்ட வண்டியில், வெளியே மைனஸ் 100 இருந்து உள்ளே மைனஸ் 115-க்கு இறங்கினால், பூஸ்டரால் பயன் கிடைக்கும். கூரை ஆன்டெனாவும் உள் ஆன்டெனாவும் ஒன்றையொன்று கேட்டு இரைச்சலாகாமல் அந்த உலோகமே தடுக்கிறது. கண்ணாடியிழை வண்டியில் அந்தத் தடுப்பு இல்லாததால் இரண்டையும் நன்றாக விலக்கி வைக்க வேண்டும். அப்போதும் உள் ஆன்டெனாவின் அருகில் போனை வைத்தால்தான் பலன். டி-மொபைலின் 600 மெகாஹெர்ட்ஸ் அலையைக் கடைகளில் கிடைக்கும் பெரும்பாலான பூஸ்டர்கள் தொடுவதே இல்லை. அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி.யின் அங்கீகாரம் பெற்ற கருவியையே வாங்கி, உங்கள் செல்பேசி நிறுவனத்திடம் பதிவு செய்யுங்கள். அது சட்டப்படி கட்டாயம். வெளியில் எண்ணே தெரியாத இடத்தில் பெருக்குவதற்கு எதுவும் இல்லை. அங்கே ஸ்டார்லிங்க் போன்ற செயற்கைக்கோள் இணையமே வழி, அதற்கும் மரங்கள் மறைக்காத வானம் வேண்டும்.