கேளுங்கள் சொல்கிறோம்: அடிவாங்கி எழுந்ததில் கெட்டி ரோமா, சீனாவா?

கே: ரோம், சீனாவின் ஹான் பேரரசு இரண்டுமே பெருந்தோல்விகளைக் கண்டவை. படையை மீட்டெடுப்பதில் எது கெட்டி? (மேலூர் வாசகர்)

ப: ஒரே நாளில் விழுந்த பேரடியைத் தாங்கியதில் ரோம். பல ஆண்டுகள் இழுக்கும் போரின் செலவைத் தாங்கியதில் ஹான்.

கி.மு. 216-ல் இத்தாலியின் கன்னேயில், கார்த்தேஜ் (வட ஆப்பிரிக்க நகரம்) தளபதி ஹன்னிபாலிடம் ரோம் இழந்தது சுமார் 50,000 பேர். பண்டைய வரலாற்றாசிரியர் பொலிபியஸ் இன்னும் கூட்டிச் சொல்கிறார். அப்போது ரோம் குடியரசுதான், பேரரசர்கள் பிற்பாடு வந்தவர்கள். அடுத்து என்ன செய்தார்கள்? 8,000 அடிமைகளை அரசே விலைக்கு வாங்கிப் படையில் சேர்த்தது. நான்கைந்து ஆண்டுகளில் 25 லெஜியன் (சில ஆயிரம் வீரர் கொண்ட ரோமப் படைப்பிரிவு) வரை களத்தில் நின்றன. இத்தாலியில் தன்னிடம் தோற்ற ஊர்களிடம் ரோம் கப்பத்தைவிட ஆளைத்தான் கேட்டது. கி.மு. 225 கணக்கில் கூட்டாளிகளையும் சேர்த்து ஆயுதம் ஏந்தத்தக்கவர் 7 லட்சத்துக்கும் மேல். அந்த ஊற்றுக்கும் எல்லை உண்டு: கி.மு. 209-ல் ரோமுக்கு ஆள் அனுப்பக் கடமைப்பட்ட 30 லத்தீன் குடியேற்றங்களில் 12 ஊர்கள் 'இனி ஆளும் இல்லை, பணமும் இல்லை' என்று கைவிரித்தன.

ஹானின் பலம் கிடங்கில் இருந்தது. கி.மு. 200-ல் பைதெங்கில் ஷியோங்னு என்ற வடக்கு நாடோடிகளின் குதிரைப்படை ஹான் பேரரசர் லியூ பாங்கை ஏழு நாள் வளைத்து நின்றது. அதன்பின் அறுபது ஆண்டுகளுக்கு மேல் பட்டும் தானியமும் இளவரசிகளும் அனுப்பி அமைதி வாங்கினார்கள்; அந்த அவகாசத்தில் குதிரை பெருக்கினார்கள். கி.மு. 119-ல் ஹான் தளபதிகள் வெய் சிங், ஹுவோ சூபிங் இருவரின் படைகளும் பாலையைத் தாண்டி வென்றன. ஆனால் எல்லை கடந்த 1,40,000 குதிரைகளில் திரும்பியவை 30,000-க்கும் குறைவு. வென்றும் துரத்த முடியவில்லை. செலவை ஈடுகட்ட உப்பையும் இரும்பையும் அரசே எடுத்துக்கொண்டது. ஆயுதக் கையிருப்பையும் பாருங்கள்: கி.மு. 13-ஆம் ஆண்டின் கிடங்குப் பட்டியல் ஒன்றில் மட்டும் குறுக்குவில் 5 லட்சத்துக்கும் மேல்!

கே: அப்படிப்பட்டவை ஏன் சரிந்தன? (உசிலம்பட்டி வாசகர்)

ப: படை திரட்டும் பழைய முறையை இரண்டுமே கைவிட்டன. கி.பி. 378-ல் அட்ரியானோபிளில் கோத்துகளிடம் தோற்று, கிழக்கு ரோமின் களப்படையில் மூன்றில் இரண்டு பங்கு அழிந்தபோது, ரோமின் வீரன் சம்பளக்காரன். ஆள் திரட்டக் காசு வேண்டும். 439-ல் வரி கொழித்த கார்த்தேஜும் வாண்டல்கள் என்ற ஜெர்மானியக் கூட்டத்திடம் போனபின் மேற்கு ரோமில் காசு ஏது? ஹானோ கி.பி. 30-ஐ ஒட்டி உள்நாட்டு மாவட்டப் படைப்பயிற்சியை நிறுத்திவிட்டு, கைதிகளையும் நாடோடிக் குதிரைவீரர்களையும் நம்பத் தொடங்கியது.

கே: சிலப்பதிகாரத்தில் மதுரைக் கோட்டை வாயிலைக் காத்த யவனர் ரோம் லெஜியன் வீரர்களா? (திருமங்கலம் வாசகர்)

ப: அப்படிக் கொள்ளச் சான்றில்லை. லெஜியன் வீரன் பேரரசருக்குச் சத்தியம் செய்து 20, 25 ஆண்டுகள் கட்டுப்பட்டவன். இவர்கள் கூலிக்குக் காவல் நின்ற மேற்குக்கடல் ஆட்கள்.