அம்மாவுடன் கொழும்பு புறக்கோட்டைச் சிவப்புப் பள்ளிவாசல் பார்க்க

வணக்கம் சகோதரி. யாழ்ப்பாணத்திலிருந்து முழங்கால் வலியுள்ள அம்மாவுடன் வருகிறீர்கள், வெள்ளிக்கிழமை நண்பகலில் சிவப்புப் பள்ளிவாசலைப் பார்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். அந்த நேரம் மட்டும் வேண்டாம். ஜும்மா தொழுகைக்கு ஆட்கள் திரளுவார்கள், அம்மாவுக்கு நிற்கக்கூட இடம் கிடைக்காது. சனி காலை ஒன்பதரை மணிபோலப் போங்கள்.

கோட்டை ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடைதான். ஆனால் இரண்டாம் குறுக்குத் தெருவில் சுமை தூக்கும் நாட்டாமைமார் மூட்டை ஏற்றிய கைவண்டிகளைத் தள்ளிக்கொண்டு வருவார்கள், சட்டென்று ஒதுங்க வேண்டியிருக்கும். என் மாமியாரை நடத்திக் கூட்டிப்போய் அவர் பட்ட பாடு இன்னும் மனதில் நிற்கிறது. ஓட்டோ பிடித்து வாசலிலேயே இறங்குங்கள், பெரிய பைகளைக் கொண்டுபோக வேண்டாம்.

தொழுகை இல்லாத நேரத்தில் பிற மதத்தவரையும் உள்ளே விடுவார்கள். கை கால் மூடிய உடை, தலைக்கு ஒரு சால்வை, அவ்வளவு போதும். வாசலில் இருப்பவரிடம் முதலில் கேளுங்கள். அம்மாவுக்கு உட்கார இடம் வேண்டுமென்றால் அதையும் கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

1908இல் தொடங்கி அடுத்த ஆண்டே முடித்த கட்டடம் அது. வரைந்தவர் ஹபீபு லெப்பை சாய்பு லெப்பை. சிவப்பும் வெள்ளையுமாக வரிவரியாகவும் சுருள்சுருளாகவும் ஓடும் சுவரையும் மாதுளம்பழம் போன்ற குவிமாடங்களையும் எதிர்ப்பக்க நடைபாதையில் நின்று நிமிர்ந்து பாருங்கள். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுத்ததில்லை.

அப்புறம், நேரம் இருந்தால் கொச்சிக்கடை பொன்னம்பலவாணேசுவரர் கோவிலுக்கும் அதே ஓட்டோவில் போய்விடலாம். முழுக்கக் கருங்கல், அம்மாவுக்குப் பிடிக்கும்.