வைரஸால் புற்றுநோய் வருமா?

கேள்வி: கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு வைரஸ்தான் காரணம் என்கிறார்கள். வைரஸால் சளி, காய்ச்சல் வருவது தெரியும். புற்றுநோய் எப்படி வரும்? மரபணுவையே அது மாற்றிவிடும் என்றால், தாயிடமிருந்து பிள்ளைகளுக்கும் அந்த மாற்றம் போய்ச் சேருமா?
- வாசகி ஒருவர், திண்டுக்கல்

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: சேராது. எச்.பி.வி. எனப்படும் ஹியூமன் பாப்பிலோமா வைரஸ் கருப்பை வாயை மூடியுள்ள செல்களைத் தாக்குகிறது. அங்கே மரபணுவில் நேரும் மாற்றம் கருமுட்டைக்குச் செல்வதில்லை.

மனித மரபுத்தொகுதியில் ஏறக்குறைய 300 கோடி டி.என்.ஏ. எழுத்துகள் என்றால், இந்த வைரஸிடம் இருப்பவை சுமார் 8,000 மட்டுமே. தன்னை நகலெடுத்துக்கொள்ள அது நம் செல்லின் கருவிகளையே நம்பியிருக்கிறது. ஆனால், அது பெருக வேண்டிய மேலடுக்குச் செல்கள் பிரிவதை நிறுத்திவிட்டவை. எனவே இ7 என்னும் புரதத்தைக் கொண்டு, செல் பிரிவதைத் தடுத்து வைத்திருக்கும் ஆர்பி புரதத்தை முடக்குகிறது; இந்த முறைகேட்டைக் கண்டு செல்லை நிறுத்தவோ அழிக்கவோ கூடிய பி53 புரதத்தை, இ6 என்னும் இன்னொரு புரதத்தால் சிதைக்கச் செய்கிறது. இவ்விரண்டும் அளவு மீறாதபடி வைரஸின் இ2 புரதமே கட்டுப்படுத்துகிறது. பெரும்பாலான தொற்றுகளை ஓரிரு ஆண்டுகளில் நம் நோயெதிர்ப்பு ஆற்றல் அடக்கிவிடும்.

அடங்காமல் ஆண்டுக்கணக்கில் தங்கிவிடும் தொற்றில்தான், அதிலும் 16, 18 ஆகிய வகைகளில்தான் ஆபத்து அதிகம். வைரஸின் வட்ட வடிவ டி.என்.ஏ. சில வேளைகளில் உடைந்து நம் குரோமோசோமுக்குள் செருகிக்கொள்கிறது. அந்த உடைப்பு பெரும்பாலும் இ2 மரபணு இருக்கும் பகுதியில் நேர்வதால், இ6, இ7 இரண்டும் கட்டுப்பாடின்றி உற்பத்தியாகின்றன. பி53 முடங்கிக் கிடப்பதால், செல்லின் மரபணுவில் நேரும் பழுதுகள் திருத்தப்படாமல் சேர்ந்துகொண்டே போய்ப் புற்றுநோயாக முற்றுவதற்குப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகின்றன. இதில் வைரஸுக்கும் ஆதாயமில்லை என்பதுதான் வேடிக்கை; இப்படி உடைந்து செருகிக்கொண்ட டி.என்.ஏ.விலிருந்து புதிய வைரஸ்கள் பிறப்பதில்லை.

ஹெர்பிஸ் வைரஸையே பலரும் சந்தேகித்த 1970களில் எச்.பி.வி.யைச் சுட்டிக்காட்டியவர் ஜெர்மானிய அறிவியலாளர் ஹரால்ட் சூர் ஹவுசன். அவருடைய குழு 1983இல் 16ஆம் வகையையும் அடுத்த ஆண்டு 18ஆம் வகையையும் பிரித்தெடுத்தது. 2008இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1951இல் பால்டிமோரில் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்னும் பெண்ணின் புற்றுக்கட்டியிலிருந்து எடுக்கப்பட்டு, இன்றும் ஆய்வகங்களில் வளர்ந்துகொண்டிருக்கும் ஹீலா செல்களிலும் 18ஆம் வகை இருந்தது. பிற்காலத்தில் அந்தச் செல்களுக்குள் இ2 மரபணுவைச் செலுத்தியபோது, இ6, இ7 உற்பத்தி அடங்கியது, பி53 மீண்டது, பல பத்தாண்டுகளாக ஓயாமல் பிரிந்துவந்த செல்கள் பிரிவதை நிறுத்தின. வைரஸ்தான் காரணம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை என்பேன்.

தடுப்பூசியில் இருப்பது வைரஸின் மேலுறைப் புரதம் மட்டுமே. அதன் மரபணு இல்லை. ஆகவே ஊசி போட்டால் மரபணு மாறிவிடும் என்ற அச்சம் வேண்டாம். ஆனால் ஏற்கெனவே உள்ளே புகுந்துவிட்ட வைரஸை அது வெளியேற்றாது. எல்லா வகைகளையும் தடுப்பதும் இல்லை. எனவே ஊசி போட்டுக்கொண்டவர்களும் 30 வயதுக்கு மேல் மருத்துவர் சொல்லும் இடைவெளியில் கருப்பை வாய்ப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.