மண் நுண்ணுயிர்ப் பரிசோதனை: பணம் கட்டும் முன் என்ன கேட்பது?

கேள்வி: கொழுப்பு அமிலங்களை அளந்து, மண்ணில் பூஞ்சை எவ்வளவு, பாக்டீரியா எவ்வளவு என்று சொல்வதாக ஓர் ஆய்வகம் விளம்பரம் செய்கிறது. சாதாரண மண் பரிசோதனையைவிடக் கட்டணம் அதிகம். கொடுக்கலாமா?

பதில்: முறை நல்ல முறைதான். உயிருள்ள செல்லின் சவ்வில் பாஸ்போலிப்பிட் என்ற, பாஸ்பேட் சேர்ந்த கொழுப்பு இருக்கும்; செல் இறந்தால் அது சீக்கிரம் சிதைந்துவிடும். அதனால் அதிலுள்ள கொழுப்பு அமிலங்களை அளந்தால், உயிரோடிருக்கும் நுண்ணுயிர்த் திரள் ஏறக்குறையத் தெரியும். எந்த இனம் என்பது தெரியாது. அதற்கு டிஎன்ஏ பரிசோதனைதான் வழி.

முதலில், பாஸ்போலிப்பிட்டைத் தனியாகப் பிரிக்கிறார்களா என்று கேளுங்கள். குளோரோஃபார்ம், மெத்தனால், பஃபர் (அமில-கார நிலையை மாறாமல் வைக்கும் கரைசல்) கலவையில் மண்ணின் கொழுப்பைக் கரைத்து எடுத்து, சிலிக்கா தூள் நிரப்பிய குழாய் வழியே விடுவார்கள். குளோரோஃபார்ம் ஊற்றினால் சேமிப்புக் கொழுப்பும், அசிட்டோன் ஊற்றினால் சர்க்கரை சேர்ந்த கொழுப்பான கிளைக்கோலிப்பிட்டும் வெளியேறும். கடைசியில் மெத்தனாலில் வருவதுதான் நமக்கு வேண்டியது. இந்தப் படியை விட்டுவிட்டு மண்ணை நேராகக் காரத்தில் காய்ச்சும் முறையும் உண்டு. அது மலிவு, ஆனால் மட்கிய இலைதழையின் கொழுப்பும் கணக்கில் ஏறிவிடும்.

அடுத்து, 19:0 (19 கார்பன், இரட்டைப் பிணைப்பு இல்லாத கொழுப்பு அமிலம்) போன்ற ஒப்பீட்டுப் பொருளைத் தெரிந்த அளவில் மாதிரியோடு சேர்க்கிறார்களா? சேர்க்காவிட்டால் வெறும் சதவீதம்தான் வரும். ஒரு கிராம் உலர்மண்ணுக்கு எத்தனை நானோமோல் (மூலக்கூறுகளின் எண்ணிக்கையைக் குறிக்கும் அலகு) என்று வராது. மண் இல்லாத வெற்று மாதிரி ஒன்றையும் கூடவே ஓட்ட வேண்டும். கரைப்பான் பிளாஸ்டிக்கில் பட்டால் அதிலுள்ள பொருள்களும் கரைந்து வந்து, அளவிடும் கருவியின் வரைபடத்தில் போலி உச்சங்களாக நிற்கும்.

அறிக்கையில் 18:2 ஒமேகா 6 என்ற கொழுப்பு அமிலத்தைப் பூஞ்சை என்று போடுவார்கள். செடியின் வேரிலும் அது நிறைய உண்டு! வேர்த் துணுக்கைப் பொறுக்கி எடுக்காத, 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலிக்காத மண்ணில் பூஞ்சை பெருகியது போலத் தெரியும். 16:1 ஒமேகா 5 என்ற இன்னொரு கொழுப்பு அமிலம், செடியின் வேரோடு கூடி வாழும் வேர்ப்பூஞ்சையின் அடையாளம் என்பார்கள். சில பாக்டீரியாக்களிலும் அது இருப்பதால், சேமிப்புக் கொழுப்புப் பகுதியிலும் அதை அளந்தால்தான் நம்பலாம்.

கேள்வி: மாதிரியை நிழலில் உலர்த்தி அனுப்பலாமா?

பதில்: வேண்டாம். உலரும்போதே நுண்ணுயிர்க் கூட்டம் மாறிவிடும். கையுறை போட்டு எடுங்கள், தோலின் எண்ணெயும் கொழுப்பு அமிலம்தான். எடுத்ததும் ஐஸ் பெட்டியில் வைத்து, விரைவில் மைனஸ் 20 டிகிரியில் உறையவிடுங்கள். வழியில் உருகக் கூடாது. ஒரே ஒரு மாதிரிக்குப் பணம் கட்டாதீர்கள். உரமிட்ட பாத்தி, இடாத பாத்தி இரண்டிலும் ஒரே நாளில், ஒரே ஆழத்தில், ஒவ்வொன்றிலும் குறைந்தது மூன்று மாதிரி எடுத்து, ஒரே ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்.