யார் அந்தப் 'பார்த்துக்கொள்பவர்'?

கேள்வி: கதை எழுத ஆசை. கற்பனை இருக்கிறது, நிறைய வாசிக்கிறேன். ஆனால் ல, ள, ழ குழப்பமும் ஒற்றுப் பிழையும் தீர்ந்தபாடில்லை. கதை நன்றாக இருந்தால் போதாதா? பிழையையெல்லாம் புரூஃப் பார்ப்பவர் பார்த்துக்கொள்ள மாட்டாரா?

பதில்: அந்தப் 'பார்த்துக்கொள்ள மாட்டாரா'வை நான் விடுவதாக இல்லை. யார் அவர்? பெரும்பாலான புத்தகங்களில் அட்டை வரைந்தவர் பெயர் இருக்கும், பக்கம் வடிவமைத்தவர் பெயர் இருக்கும், அச்சகத்தின் முகவரிகூட இருக்கும். முழுப் புத்தகத்தையும் வரி வரியாகப் படித்துத் திருத்தியவர் பெயரைத் தேடினாலும் கிடைக்காது. பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி, நாளைக்கே வேண்டும் என்று அவசரம், பிழை தங்கிவிட்டால் மட்டும் திட்டு. மெய்ப்புப் பார்த்தவர் பெயரைப் போடுங்கள் என்று இந்தப் பக்கத்தில் முன்பே எழுதியிருக்கிறேன், போடும்வரை எழுதுவேன். சில இடங்களில் அந்த ஆளே இப்போது கிடையாது, எழுத்தாளர் அனுப்பும் கோப்பு நேராக அச்சுக்குப் போகிறது.

சரி, நல்ல ஆள் ஒருவர் கிடைத்துவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். 'கிழவர் இறை தேடிப் புறப்பட்டார்' என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் சாமியாரா வேட்டைக்காரரா என்பது பல பக்கம் தள்ளித்தான் தெரியும். இவர் அதை 'இரை' என்று மாற்றலாமா, கூடாதா? 'அவள் தந்த பெட்டி' என்றால் அவள் கொடுத்த பெட்டி. 'அவள் தந்தப் பெட்டி' என்றால் அவளிடம் இருக்கும், யானைத் தந்தத்தில் செய்த பெட்டி. எந்தப் பெட்டி என்று உங்களுக்கு மட்டும்தானே தெரியும்? கணினியில் பிழைதிருத்தி இருக்கிறதே என்பீர்கள். வாணி, நாவி போன்றவை உண்மையிலேயே உதவுகின்றன, கட்டாயம் பயன்படுத்துங்கள். ஆனால் மனமும் மணமும், அறமும் அரமும், கூரியவும் கூறியவும் எல்லாமே சரியான சொற்கள்தாம். நீங்கள் நினைத்தது எது என்று மென்பொருள் எங்கே போய்த் தெரிந்துகொள்ளும்?

ஓலைச்சுவடிகளை நினைத்துப் பாருங்கள். மெய்யெழுத்துக்குப் புள்ளி வைத்திருக்காது, ஒற்றைக் கொம்பா இரட்டைக் கொம்பா என்ற வேறுபாடு இருக்காது, காலும் ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும். உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை அச்சிடுவதற்குள் பட்ட பாட்டில் பெரும்பங்கு, ஏட்டுக்கு ஏடு ஒப்பிட்டு ஆசிரியர் என்ன எழுதியிருப்பார் என்று தீர்மானிப்பதிலேயே போனது. கேட்டுத் தெரிந்துகொள்ளத் திருத்தக்கதேவர் இல்லை. நீங்கள் இருக்கிறீர்கள். உயிரோடு இருக்கும் எழுத்தாளர் தன் வாக்கியத்தின் பொருளை அடுத்தவர் ஊகத்துக்கு விட்டுவைப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

அடுத்து, பேச்சுவழக்கில் எழுதினால் இலக்கணம் எதற்கு என்று ஒரு கூட்டம் கிளம்பும். கி.ராஜநாராயணனைவிடப் பேச்சுமொழியை நம்பி எழுதியவர் யார்? அவர்தான் கரிசல் வட்டாரச் சொற்களுக்கு ஓர் அகராதியே தொகுத்தார். ஒரே பாட்டி முதல் பக்கத்தில் 'வந்துட்டாம்ல' என்றும் அடுத்த பக்கத்தில் 'வந்துவிட்டான் அல்லவா' என்றும் பேசினால் அது வழக்கு இல்லை, கவனக்குறைவு.

இதைப் படித்ததும் 'வாழ்த்துகளா, வாழ்த்துக்களா' என்று பழைய சண்டைக்காரர்கள் கடிதத்தோடு வருவார்கள். என் நிலை மாறவில்லை. இரண்டு பக்கமும் இலக்கணம் காட்டுகிறார்கள், ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள், புத்தகம் முழுக்க அதையே எழுதுங்கள். கருப்பு, கறுப்புக்கும் இதே பதில். 'சுவற்றில்' எழுதுபவர்களுக்கு மட்டும் எந்தச் சலுகையும் கிடையாது. கிணறு என்பது கிணற்றில் ஆகும், சுவர் என்பது சுவரில்தான் ஆகும். அப்புறம், 'நினைவு கூறினார்' இல்லை, நினைவுகூர்ந்தார். 'முயற்சித்தார்' இல்லை, முயன்றார். இதைப் பத்திரிகைகளே தப்பாகப் போடும்போது எனக்கு வரும் கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

ஒற்றுக்குப் பயப்படாதீர்கள், நன்னூல் முழுவதையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. அந்த, இந்த, எந்தவுக்குப் பின்னால், 'ஐ' உருபுக்குப் பின்னால், 'கு' உருபுக்குப் பின்னால் க, ச, த, ப வந்தால் மிகும்: அந்தப் பையன், அவனைக் கேட்டாள், வீட்டுக்குப் போனான். 'வந்த பையன்', 'படித்த கதை' என்று வரும்போது மிகாது, 'சுடுகாடு' போன்ற வினைத்தொகையிலும் மிகாது. இவ்வளவு தெரிந்தாலே உங்கள் பிழைகளில் பெரும்பகுதி போய்விடும். ல, ள, ழவுக்கு இப்படிக் குறுக்குவழி இல்லை, சொல்லைக் கண்ணால் பார்த்துப் பழகத்தான் வேண்டும். க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியைக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள், சந்தேகம் வந்த அந்த நிமிடமே திறந்து பாருங்கள், 'அப்புறம் பார்க்கலாம்' என்று தாண்டாதீர்கள்.

கதையை அனுப்புங்கள். பிழை இருக்கிறது என்பதற்காக மட்டும் எதையும் நாங்கள் திருப்பி அனுப்புவதில்லை, கடைசி வரி வரை படிக்கிறோம். திருத்திய பிரதியும் உங்களுக்கு வரும். அடுத்த கதையிலும் அதே பிழைகள் இருந்தால் அப்போது பேசிக்கொள்வோம்.