"ஏசி இல்லையா?" என்று கேட்டால் யெஸ்ஸா, நோவா?

கேள்வி: மதுரை மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியில் ஒரு லாட்ஜில் ரிசப்ஷனில் இருக்கிறேன். வெளிநாட்டுக்காரர் ஒருவர் போனில், "டஸ்ன்ட் தி ரூம் ஹேவ் ஏசி?" என்று கேட்டார். இல்லை என்று சொல்லத்தான் "யெஸ் சார்" என்றேன். வந்து இறங்கியதும், ஏசி இருக்கிறது என்று சொன்னாயே என்று ஒரே சத்தம். தப்பு என்னுடையது என்கிறார் மேனேஜர். பள்ளியில் இங்கிலீஷ் எடுக்கும் என் மாமாவோ, "அவர் இல்லையான்னு கேட்டார், நீ ஆமான்னு ஒத்துக்கிட்ட, இதுல என்ன தப்பு?" என்கிறார். யார் சொல்வது சரி? இன்னொன்று: எங்கள் அறிவிப்புப் பலகையைப் படித்துவிட்டு ஒரு விருந்தினர் சிரித்துக்கொண்டே போனார். அதில் இருப்பது: "ஆல் ரூம்ஸ் ஆர் நாட் ஏசி. செக்-இன் வில் நாட் பி கிவன் அன்லெஸ் பாஸ்போர்ட் இஸ் நாட் ஷோன்." இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

பதில்: தீர்ப்பு மேனேஜர் பக்கம்தான். ஆனால் மாமா சொல்வது தமிழுக்கு அப்படியே பொருந்தும். சிக்கலே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

"இன்னும் சாப்பிடலையா?" என்று வீட்டில் கேட்டால், சாப்பிடாதவர் "ஆமா, இன்னும் இல்லை" என்பார். சாப்பிட்டவர் "இல்லையே, அப்பவே சாப்பிட்டாச்சே" என்பார். நம்முடைய ஆமாவும் இல்லையும் கேட்டவரைப் பார்த்துச் சொல்வது. நீங்கள் நினைத்தது சரி, அல்லது நினைத்தது தப்பு என்பதுதான் அதற்கு அர்த்தம். ஜப்பானியர், கொரியர், சீனர் எல்லாம் இதில் நம்ம கட்சி. இங்கிலீஷ்காரரின் யெஸ் கேட்டவரைக் கண்டுகொள்வதே இல்லை. அது விஷயத்தை மட்டும் பார்க்கும். அறையில் ஏசி உண்டா? உண்டு என்றால் யெஸ், கிடையாது என்றால் நோ. "டஸ் தி ரூம் ஹேவ் ஏசி?" என்று கேட்டாலும் சரி, "டஸ்ன்ட்" என்று கேட்டாலும் சரி, பதில் மாறாது. ஆக, உங்கள் யெஸ் அவர் காதில் "ஏசி இருக்கு சார்" என்றுதான் விழுந்திருக்கும்.

உங்கள் இடத்தில் இந்தத் தப்பு ஏசியோடு நிற்காது. மீனாட்சி அம்மன் கோயில் மதியம் பன்னிரண்டரை வாக்கில் நடை சாத்தினால் மறுபடி நான்கு மணிக்குத்தான் திறக்கிறது. "இஸ்ன்ட் தி டெம்பிள் ஓபன் அட் டூ?" என்று ஒருவர் கேட்க, திறந்திருக்காது என்ற நினைப்பில் நீங்கள் யெஸ் என்றால், அவர் சித்திரை வெயிலில் நடந்துபோய்ச் சாத்திய கதவைப் பார்த்துவிட்டு வருவார். "கான்ட் வி டேக் அவர் ஃபோன்ஸ் இன்சைட்?" என்ற கேள்வியும் அப்படித்தான். கோயிலுக்குள் செல்போனுக்கு அனுமதி இல்லை. நீங்கள் யெஸ் சொன்னால், அவர் கையில் போனோடு வாசல் வரை போய்த் திரும்புவார். இரண்டுக்கும் பதில் நோதான்.

விதியை மனப்பாடம் செய்வதைவிடச் சுலபமான வழி ஒன்று உண்டு. யெஸ், நோவை மட்டும் தனியாகச் சொல்லி நிறுத்தாதீர்கள். பின்னால் வினையையும் சேர்த்துச் சொல்லுங்கள்: "நோ சார், இட் டஸ்ன்ட்." யெஸ்ஸுக்குப் பிறகு "டஸ்ன்ட்" வராது, நோவுக்குப் பிறகு "டஸ்" வராது. வாய் தடுமாறினாலும் அந்த வினை காப்பாற்றிவிடும். பதற்றத்தில் இரண்டுமே வரவில்லையா? விஷயத்தை நேராகச் சொல்லிவிடுங்கள்: "தட் ரூம் ஹாஸ் எ ஃபேன், நோ ஏசி." இதைத் தப்பாகப் புரிந்துகொள்ள ஆளே கிடையாது. நம் ஆமாவை எப்படியாவது சொல்லியே ஆகவேண்டும் என்று தோன்றினால் "ரைட்" என்ற சொல் இருக்கிறது. "ரைட், இட் டஸ்ன்ட்" என்றால் அச்சு அசலாக நம்ம ஆமாதான்.

உங்கள் மாமாவுக்குப் பிடித்தமான சங்கதி ஒன்று. பழைய இங்கிலீஷில் இந்தக் குழப்பத்துக்கு ஒரு ஏற்பாடு இருந்தது. நேரான கேள்விக்கு யே, நே என்று ஒரு ஜோடி. எதிர்மறைக் கேள்விக்கு யெஸ், நோ என்று தனி ஜோடி. "ஏசி இல்லையா?" என்பதற்கு அன்றைக்கு யெஸ் என்றால், "ஏன் இல்லாமல், இருக்கிறதே!" என்ற மறுப்பு மட்டும்தான். பைபிளை இங்கிலீஷில் மொழிபெயர்த்த வில்லியம் டிண்டேல் நே வரவேண்டிய இடத்தில் நோ போட்டுவிட்டார் என்று 1532-இல் கத்தோலிக்க அறிஞர் தாமஸ் மோர் ஒரு பிடி பிடித்தார். மதச் சண்டைக்கு நடுவில் ஓர் இலக்கணச் சண்டை. 1535-இல் மோரின் தலை வெட்டப்பட்டது, அடுத்த ஆண்டு டிண்டேலும் கொல்லப்பட்டார். இரண்டுக்கும் இலக்கணம் காரணமல்ல, பயப்பட வேண்டாம். பிறகு யே, நே இரண்டும் வழக்கொழிந்துபோக, மிஞ்சிய ஒரு ஜோடி இரண்டு வேலையையும் பார்க்கிறது. பிரெஞ்சில் "சி", ஜெர்மனில் "டோஹ்" என்று மறுப்புக்கான தனிச் சொல் இன்றும் இருக்கிறது. இங்கிலீஷில் இப்போது அப்படி ஒன்று இல்லாததால், அதைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்களே "யா, நோ, இட் டஸ்ன்ட்" என்று இழுப்பதைக் கேட்டால் ஆச்சரியப்படாதீர்கள்.

"டூ யூ மைண்ட் இஃப் ஐ பே பை கார்ட்?" என்ற கேள்வியும் உங்களுக்கு அடிக்கடி வரும். இதில் நாட் எதுவும் இல்லை, ஆனால் "உங்களுக்கு ஆட்சேபம் உண்டா?" என்பதுதான் கேள்வி. வெறும் யெஸ் என்றால் கார்டு வேண்டாம் என்று ஆகிவிடும். "நாட் அட் ஆல், ப்ளீஸ்" என்று சொல்லி மெஷினை நீட்டிவிடுங்கள்.

அதேபோல, "இப்ப பணம் கட்ட வேண்டாம் சார்" என்பதை "யூ மஸ்ட் நாட் பே நவ்" ஆக்கிவிடாதீர்கள். அது பணம் கட்டக்கூடாது என்ற தடை. அவசியமில்லை என்பதற்கு "யூ டோன்ட் ஹேவ் டு பே நவ்". ஒருவர் "ஐ டோன்ட் நீட் நத்திங்" என்றால், இரண்டு எதிர்மறை சேர்ந்து நேர்மறை ஆச்சு என்று கணக்குப் போட்டு எதையாவது அறைக்கு அனுப்பிவைக்காதீர்கள். அவருக்கு ஒண்ணுமே வேண்டாம், அவ்வளவுதான். அந்தக் கணக்கை விதியாக எழுதிப் பிரபலமாக்கியவர்களில் ஒருவர் பதினெட்டாம் நூற்றாண்டு இலக்கண ஆசிரியர் ராபர்ட் லோத். அதற்கு முந்நூற்றைம்பது வருஷத்துக்கு முன்பே இங்கிலீஷ் கவிஞர் சாஸர் அழுத்தத்துக்காக எதிர்மறைகளை அடுக்கடுக்காக எழுதியிருக்கிறார். பேச்சு வழக்கில் அது இன்னும் போகவில்லை. ஆனால் நீங்கள் அப்படிப் பேச வேண்டாம், எழுதவும் வேண்டாம்.

இனி பலகை. முதல் வாக்கியம் தப்பென்று சொல்ல மாட்டேன், ஆனால் இரண்டு பக்கமும் பேசுகிறது. எந்த அறையிலும் ஏசி இல்லை என்றும் படிக்கலாம், சிலவற்றில் மட்டும் இல்லை என்றும் படிக்கலாம். "மின்னுவதெல்லாம் பொன்னல்ல" என்பதும் இதே அமைப்புதான். இங்கிலீஷிலும் ஷேக்ஸ்பியர் காலத்திலிருந்து அப்படியேதான் புழங்குகிறது. பழமொழியை யாரும் தப்பாகப் படிப்பதில்லை, பொன் என்று உலகில் ஒன்று இருப்பது எல்லாருக்கும் தெரியும். உங்கள் லாட்ஜில் ஏசி இருப்பது வெளியூர்க்காரருக்கு எப்படித் தெரியும்? "நாட்" என்ற சொல்லைத் தூக்கி முன்னால் போடுங்கள்: "நாட் ஆல் ரூம்ஸ் ஹேவ் ஏசி."

விருந்தினர் சிரித்தது இரண்டாவது வாக்கியத்துக்கு. "அன்லெஸ்" என்றால் "இல்லாவிட்டால்", அதாவது எதிர்மறை அதற்குள்ளேயே இருக்கிறது. நாம் "காட்டாவிட்டால்" என்று நினைத்துக்கொண்டு அதற்கு மேல் ஒரு "நாட்"டையும் ஏற்றிவிடுகிறோம். தமிழ்நாட்டு சர்க்குலர்களில் நான் அதிகம் பார்க்கும் தப்பு இதுதான். உங்கள் வாக்கியத்தை எழுத்து பிசகாமல் படித்தால், பாஸ்போர்ட்டைக் காட்டாதவருக்கு மட்டும்தான் அறை என்று ஆகிறது! வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அதிகாரிகளுக்கு விவரம் அனுப்ப வேண்டிய நீங்கள் இப்படி எழுதி வைக்கலாமா?

அந்த வாக்கியத்தின் இரண்டாவது "நாட்"டை எடுத்துவிட்டால் இலக்கணம் சரியாகிவிடும். ஆனால் எதிர்மறையே இல்லாமல், "ப்ளீஸ் ஷோ யுவர் பாஸ்போர்ட் அட் செக்-இன்" என்று எழுதுவது இன்னும் நல்லது. ஏசி வரிக்குக் கீழேயே ஏசி அறைகளின் எண்களையும் போட்டுவிடுங்கள். பாதிப் பேர் அந்தக் கேள்வியைக் கேட்கவே மாட்டார்கள்.